பயனாளிப் பட்டியலுக்கு வெளியே

(கோத்தகிரியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர், "நல்ல தலைப்பு சார். ஊனமுற்றவங்களுக்கு மிஷனெரிங்க எவ்வளவோ செஞ்சிருக்காங்களே" என்றார். அழைப்பிதழில் இருந்தது 'கிறிஸ்தவ சேவையில் மாற்றுத்திறனாளிகளின் பங்கு'. அவர் கண் அதை 'மாற்றுத்திறனாளிகளுக்குக் கிறிஸ்தவர்கள் செய்த சேவை' என்று மாற்றிப் படித்துக்கொண்டது. அவர்மேல் குற்றமில்லை. நம் சபைகளின் ஆண்டறிக்கைகளைப் புரட்டிப் பாருங்கள். மாற்றுத்திறனாளி எந்தப் பக்கத்தில் வருகிறார்? பயனாளிகள் பக்கத்தில். மூன்று சக்கர வண்டி பெற்றவர், தையல் இயந்திரம் பெற்றவர், கிறிஸ்துமஸ் போர்வை பெற்றவர். படத்தில் கொடுப்பவர் நடுவில் சிரித்துக்கொண்டு நிற்பார், வாங்குபவர் ஓரமாக இருப்பார்.

இன்றைக்கு நான் பேசப்போவது அந்தப் பட்டியலுக்கு வெளியே இருந்தவர்களைப் பற்றி. கற்பித்தவர்கள், எழுதியவர்கள், கத்தியைக் கையில் பிடித்து அறுவை செய்தவர்கள், மலை ஏறி வைத்தியம் பார்த்தவர்கள். அவர்கள் உடலில் ஒரு குறை இருந்தது. அந்தக் குறையை மீறி அவர்கள் சேவை செய்தார்கள் என்று சொல்வதுதான் வழக்கம். அந்த வழக்கத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஏன் என்பதைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

நம் மலையிலிருந்தே தொடங்குகிறேன். 1819இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் இந்தப் பக்கம் ஏறி வந்த கதையை இங்கே குழந்தைகளும் சொல்லும். கன்னேரிமுக்கில் அவர் பங்களா இன்று நினைவகமாக நிற்கிறது. சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்கு மெக்ஃபர்சன் என்ற ராணுவ அதிகாரி போட்ட பாதை 1823இல் முடிந்தது. அந்தப் பாதையில் வெள்ளைக்காரர்கள் எப்படி ஏறினார்கள்? சிலர் குதிரையில் வந்தார்கள். மற்றவர்கள் டோலியில் வந்தார்கள், நம் மக்களின் தோள்மேல். இரண்டு காலும் நன்றாக இருந்தவர்களைத்தான் அப்படிச் சுமந்தார்கள். அவர்களை யாரும் இயலாதவர்கள் என்று சொல்லவில்லை. துரை என்றார்கள்.

இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. ஒருவர் தன் காலால் ஒரு இடத்துக்குப் போக முடியவில்லை என்பது அவரை அந்த இடத்துக்குத் தகுதியற்றவர் ஆக்கவில்லை. கூட்டிப்போக வழி செய்திருந்தார்கள், அவ்வளவுதான். அந்த வழியை யாருக்குச் செய்தோம், யாருக்குச் செய்யவில்லை என்பதே கேள்வி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டிம்ஹட்டியும் கோத்தகிரியும் தொடக்கத்தில் வெள்ளைக்கார நோயாளிகள் உடம்பு தேற வந்த இடங்கள். பாளையங்கோட்டையில் கம்பெனிப் படைக்குச் சமயகுருவாக இருந்து, திருநெல்வேலிச் சீமையில் பள்ளிகளைத் தொடங்கிய ஜேம்ஸ் ஹஃப் உடல்நலம் கெட்டு நீலகிரிக்கு வந்தார். இந்த மலையையும் மக்களையும் பற்றி அவர் எழுதிய கடிதங்கள் 1829இல் லண்டனில் நூலாக வந்தன. பாசல் மிஷன் அதற்குப் பின்புதான், 1846இல், கேத்தியில் பணி தொடங்கியது, 1867இல் கோத்தகிரிக்கு வந்தது. ஆக, நீலகிரியின் மிஷன் வரலாற்றில் முதலில் எழுதியவர்களில் ஒருவர் நோயாளி. நாம் ஏனோ அதை நினைவில் வைப்பதில்லை.

ஹஃப் வேலை பார்த்த பாளையங்கோட்டைக்கே போவோம். அங்கே சாராள் தக்கர் கல்லூரி இருக்கிறது. இந்த அவையிலும் அங்கே படித்த பெண்கள் இருக்கக்கூடும். சாராள் தக்கர் யார்? இங்கிலாந்தில் வாழ்ந்த பெண். கால் ஊனமுற்றவர் என்று பாளையங்கோட்டையில் வழிவழியாகச் சொல்வார்கள். அவர் சகோதரர் ஜான் தக்கர் சென்னையில் சர்ச் மிஷனெரி சங்கத்தின் செயலாளராக இருந்தார். சாராள் இந்தியாவுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. வராமலே என்ன செய்தார்? சகோதரரிடமிருந்தும் மற்றவர்களிடமிருந்தும் வந்த செய்திகளைத் தொகுத்து, தென்னிந்திய மிஷன் பணியைப் பற்றி 1840களில் நூல் எழுதினார். பெண் கல்விக்குத் தோழியரோடு சேர்ந்து பணம் திரட்டினார். 1857இல் அவர் இறந்தபின், அவர் பெயராலேயே பாளையங்கோட்டையில் ஆசிரியைகளைப் பயிற்றுவிக்கும் நிறுவனம் எழுந்தது. அதுதான் பின்னாளில் கல்லூரியானது. தென் தமிழகத்தில் எத்தனை வீடுகளில் பாட்டி முதல் பேத்தி வரை ஆசிரியைகள்! அந்த வரிசையின் தலையில் நிற்பவர், கடல் கடக்காத ஒரு பெண்.

அந்த நிறுவனத்தை நடத்தியவர்களில் ஒருவர் ஆஸ்க்வித் அம்மையார். பார்வையற்றோருக்கான பள்ளியை 1890இல் பாளையங்கோட்டையில் தொடங்கியவர் அவர்தான். அதே பத்தாண்டில் அதே ஊரில் காது கேளாதோருக்கான பள்ளியை ஃபிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் தொடங்கினார். இரண்டும் இன்றும் நடக்கின்றன. கால் ஊனமுற்ற ஒருவர் பெயரால் எழுந்த நிறுவனத்தின் அம்மையார், பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பள்ளி வைக்கிறார். வரலாறு கற்பித்துப் பிழைத்தவன் நான். இப்படி ஒரு கண்ணி அமைவது அரிது என்பதால் இதைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை.

இனி இன்றைய பேச்சின் நடுப்பகுதிக்கு வருகிறேன். வேலூர்.

மேரி வர்கீஸ் 1925இல் கொச்சிப் பக்கம் செராயில் பிறந்தவர். எர்ணாகுளத்தில் படித்துவிட்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் படித்தார். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பது அவர் எண்ணம். 1954 ஜனவரியில் சக மருத்துவர்களோடு சிற்றுலா போன வண்டி விபத்துக்குள்ளானது. முகத்தில் ஆழமான வெட்டு. அதைவிடப் பெரிய அடி முதுகெலும்பில். இடுப்புக்குக் கீழே அசைவும் உணர்வும் போயின. வயது இருபத்தெட்டு.

அந்தக் காலத்தில், இந்தியாவில், முதுகுத்தண்டு முறிந்த ஒருவர் பிழைத்திருப்பதே பெரிது. படுக்கைப்புண், சிறுநீர்த் தொற்று என்று சில மாதங்களில் போய்விடுவார்கள். போகாதவர்கள் வீட்டின் பின்னறையில் கிடப்பார்கள். மேரிக்கும் அந்தப் பின்னறை தயாராகவே இருந்தது. ஊருக்குத் திரும்பியிருந்தால் செல்வாக்குள்ள குடும்பம், குறைவின்றிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்படியிருந்தால் இன்று இந்த மேடையில் அவர் பெயர் வந்திருக்காது.

வேலூரில் அப்போது பால் பிராண்ட் இருந்தார். நம் கொல்லிமலையில் 1914இல் பிறந்த ஆங்கிலேயர், எலும்பு அறுவை மருத்துவர். தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவையை அவர் அங்கே உருவாக்கிக்கொண்டிருந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே நீ கை அறுவை செய்யலாமே என்று மேரியிடம் சொன்னவர் அவர்தான்.

அது ஆறுதல் வார்த்தையா, தொழில் ஆலோசனையா? தொழில் ஆலோசனைதான் என்பதை அந்த அறுவை எப்படி நடக்கிறது என்று பார்த்தால் புரியும். வயிற்று அறுவைக்கு மருத்துவர் நின்றாக வேண்டும், மேசைமேல் குனிய வேண்டும், சுற்றி வர வேண்டும். கை அறுவை வேறு. நோயாளி படுத்திருப்பார், அவர் கை மட்டும் பக்கவாட்டில் ஒரு சிறு பலகைமேல் நீட்டி வைக்கப்பட்டிருக்கும். நல்ல காலுள்ள மருத்துவரும் அங்கே உட்கார்ந்துதான் வேலை செய்கிறார். மணிக்கணக்கில், நூலிழை போன்ற நரம்புகளுக்கும் தசைநாண்களுக்கும் நடுவே. அந்த வேலைக்குத் தேவை இரண்டு கை, கூர்மையான கண், பொறுமை. மூன்றும் மேரியிடம் இருந்தன. கால் அந்த வேலையில் எங்கே வருகிறது?

தொழுநோய்க் கிருமி முழங்கைக்குப் பின்னால் ஓடும் நரம்பைத் தாக்கினால் சுண்டு விரலும் மோதிர விரலும் கொக்கிபோல வளைந்துவிடும். நோய் முற்றினால் மற்ற விரல்களும் வளையும். அந்தக் கையால் டம்ளர் பிடிக்க முடியாது. சோற்றைப் பிசைந்து எடுத்து வாய்க்குக் கொண்டுபோக முடியாது. சட்டைப் பித்தான் போட முடியாது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால், பக்கத்தில் நிற்பவர் அந்தக் கையைப் பார்த்ததும் விலகுவார். நோய் தொடாத தசை முன்கையில் இன்னும் உயிரோடு இருக்கும். அதன் நாணை எடுத்து, பாதை மாற்றி, நீட்டி, விரல்களில் கொண்டுபோய்த் தைப்பதுதான் அறுவை. பிறகு மாவுக்கட்டு, கட்டுப் பிரித்தபின் வாரக்கணக்கில் பயிற்சி. மணிக்கட்டை அசைத்த தசை இப்போது விரலை அசைக்கக் கற்றுக்கொள்ள வேண்டுமே!

இதுவரை சொன்னது அவரால் எப்படி முடிந்தது என்பது. இனிச் சொல்வதுதான் முக்கியம்.

தொழுநோயில் விரல்கள் ஏன் தேய்ந்து போகின்றன? நோயே சதையைத் தின்கிறது என்று உலகம் நம்பியிருந்தது. அப்படியில்லை என்று பிராண்டும் அவர் குழுவும் காட்டினார்கள். கையில் வலி தெரிவதில்லை. சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறார், தெரியவில்லை. மண்வெட்டி உரசிக் கொப்புளம் வருகிறது, தெரியவில்லை. புண் ஆழமாகி எலும்பைத் தொடுகிறது, அப்போதும் தெரியவில்லை. விரலை அழிப்பது வலியின்மை. ஆகவே அறுவையால் விரல் நிமிர்ந்தால் மட்டும் போதாது. நோயாளி தினமும் தன் கையையும் பாதத்தையும் தானே பார்த்துக்கொள்ள வேண்டும், சிவந்திருக்கிறதா, சூடாக இருக்கிறதா, முள் ஏறியிருக்கிறதா என்று. உணர்வு செய்த வேலையைக் கண் செய்ய வேண்டும்.

இதை ஒரு நோயாளிக்கு யார் சொன்னால் எடுபடும்? உடம்பெல்லாம் வலி தெரிகிற மருத்துவர் சொன்னால் தலையாட்டுவார், வீட்டுக்குப் போய் மறந்துவிடுவார். மேரி வர்கீஸின் உடம்பு பாதி அதே நிலையில் இருந்தது. இடுப்புக்குக் கீழே ஆணி குத்தினாலும் தெரியாது. முதுகுத்தண்டு முறிந்தவர்கள் நாற்காலியின் கைப்பிடியில் ஊன்றி அடிக்கடி உடம்பைத் தூக்கிக்கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் உட்கார்ந்த இடத்தில் சதை செத்துவிடும். இரவில் புரண்டு படுக்க வேண்டும். குதிகாலையும் இடுப்பையும் நாள்தோறும் பார்க்க வேண்டும். நோயாளிக்கு அவர் சொன்ன ஒவ்வொன்றும் அவர் தன் உடம்பில் செய்துகொண்டிருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் உணர்விழந்த கை, இந்தப் பக்கம் உணர்விழந்த கால். அந்த மருத்துவமனையின் வேறு எந்த அறுவை மருத்துவருக்கும் இல்லாத தகுதி அது. 'மீறி' என்ற வழக்கத்தோடு எனக்கு உடன்பாடில்லை என்றேனே, இதனால்தான்.

அவர் அதோடு நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குச் சிகிச்சைக்குப் போனார். அங்கே தன்னைப் போன்றவர்கள் தன்னந்தனியாக வாழ்வதைப் பார்த்தார். நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கின் நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவம் படித்தார். திரும்பி வந்து 1963இல் வேலூரில் அந்தத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் மறுவாழ்வு மையம் திறந்தது. தென்னை மரத்திலிருந்தும் பனை மரத்திலிருந்தும் விழுந்தவர்கள், கிணற்றில் விழுந்தவர்கள், லாரியில் அடிபட்டவர்கள் என்று நம் ஊர்களின் முறிந்த முதுகுகள் அங்கே வந்து சேர்ந்தன. வந்தவர்களை வரவேற்ற துறைத்தலைவரும் சக்கர நாற்காலியில் இருந்தார். வாழ்க்கை முடிந்தது என்று நினைத்து வந்த குடியானவர் ஒருவருக்கு அந்தக் காட்சி போதித்ததை எந்தப் பிரசங்கியாராலும் போதிக்க முடியாது. 1972இல் பத்மஸ்ரீ. 1986 டிசம்பரில் மறைந்தார். விபத்துக்குப் பின் முப்பத்திரண்டு ஆண்டுகள். பாகாயம் மையம் இன்று அவர் பெயரில் இருக்கிறது. அங்கே பயிற்சி பெற்றுப் போனவர்கள் ஆண்டுதோறும் ஒன்றுகூடும் மேளா இன்றும் நடக்கிறது.

டொரோத்தி கிளார்க் வில்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1963இல் மேரி வர்கீஸின் வாழ்க்கையை நூலாக்கினார். உலகம் முழுக்கப் படித்தார்கள். நல்ல நூல்தான். ஆனால் அந்த வகை நூல்கள்மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. துன்பம் வந்தது, விசுவாசம் தாங்கியது, வெற்றி கிடைத்தது என்ற அச்சில் வார்த்துவிடுவார்கள். படிப்பவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை மூடிவிடுவார். அறுவை அரங்கின் கதவு நாற்காலி நுழையும் அகலத்தில் இருந்ததா, விடுதியில் யார் உதவினார்கள், சம்பளம் ஒழுங்காக வந்ததா, பதவி உயர்வு தரும்போது அவரைத் தயங்காமல் பரிசீலித்தார்களா என்று யாரும் கேட்பதில்லை. மேரியின் மனவலிமை பெரிது, மறுக்கவில்லை. அதே அளவு பெரிது, ஒரு நிறுவனம் அவரைப் பின்னறைக்கு அனுப்பாமல் வேலைக்கு வைத்துக்கொண்டது. மனவலிமை உள்ளவர்கள் நம் ஊர்களில் ஏராளம். வேலைக்கு வைத்துக்கொள்ளும் நிறுவனங்கள்தான் கம்மி.

"சரி, அது சமவெளி. மலையில் இதெல்லாம் நடக்குமா?" என்று கேட்கலாம். கோத்தகிரிக்காரர்கள் கேட்க வேண்டிய கேள்விதான். நம் மலைக் கிராமங்களான ஹட்டிகளில் வீட்டுக்கு வீடு படி, தெருவுக்குத் தெரு படி. மினிபஸ்ஸில் ஏறவே தெம்பு வேண்டும்.

பதில் சொல்ல ஒரு கிழவியை அழைக்கிறேன். பால் பிராண்டின் தாயார் எவலின் பிராண்ட். கணவர் ஜெஸ்ஸியோடு கொல்லிமலையில் குடியேறியவர். ஜெஸ்ஸி 1929இல் காய்ச்சலில் இறந்தார். எவலின் தொடர்ந்து பணி செய்தார். ஓய்வு வயது வந்தது. மிஷன் சங்கம் போதும் என்றது. அவர் சரி என்று ஓய்வு பெற்றுக்கொண்டு, அடுத்த வேலையாகத் தன் செலவில் மறுபடி மலைக்கே போய்விட்டார்! அதன்பின் கால் நூற்றாண்டுக்கு மேல் கொல்லிமலையிலும் சுற்றியுள்ள மற்ற மலைகளிலும் வேலை செய்தார். கீழே விழுந்து எலும்பு முறிந்தது, தலைசுற்றல் இருந்தது, கால்கள் ஒத்துழைக்கவில்லை. இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றி நடந்தார். நடக்க முடியாத இடத்துக்கு மட்டக் குதிரையில் போனார். ஊர் ஊராக மருந்து கொடுத்தார். குடிநீர்க் கிணறுகளிலிருந்து வரும் நரம்புச்சிலந்தி நோயை ஒழிக்கப் பாடுபட்டார். 1974இல் தொண்ணூற்றைந்தாம் வயதில் இறந்தார்.

இவரும் தன் காலால் மட்டும் மலை ஏறவில்லை. ஆனால் நம் டோலி துரைகளுக்கும் இவருக்கும் ஒரு வேறுபாடு. இவர் போன இடத்தில் யாருக்காவது புண் கழுவப்பட்டது.

டோனாவூர் ஏமி கார்மைக்கேலைப் பற்றி அவையில் பலருக்கும் தெரிந்திருக்கும், சுருக்கமாகவே சொல்கிறேன். 1895இல் இந்தியாவுக்கு வந்தவர், 1901 முதல் டோனாவூரில். கோயில்களுக்கு நேர்ந்துவிடப்பட்ட பெண் குழந்தைகளைக் காப்பாற்றி வளர்த்தவர். 1931 அக்டோபரில் களக்காட்டில், புதிதாக வெட்டியிருந்த குழியில் கால் இடறி விழுந்தார். அதிலிருந்து 1951 ஜனவரியில் இறக்கும்வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தன் அறையில், பெரும்பாலும் படுக்கையில். அந்த அறையிலிருந்தே பத்துக்கும் மேற்பட்ட நூல்களை எழுதினார். அவற்றில் 1933இல் வந்த ஒன்று நோயாளிகளுக்காகவே எழுதியது. நோயாளிகளைத் தேற்றுவதற்கென்று நலமாக இருப்பவர்கள் எழுதும் புத்தகங்கள் அவருக்கு ஒட்டவில்லை, அதனால்தான் அதை எழுதினார். மேரி வர்கீஸுக்கும் தொழுநோயாளிக்கும் இருந்த உறவு இங்கேயும் இருக்கிறது பாருங்கள். படுக்கையில் இருப்பவருக்குப் படுக்கையில் இருப்பவர் எழுதுகிறார்.

கடல் தாண்டி ஒரே ஒருவர். ஆண்ட்ரூ ஃபாஸ்டர், மேரி பிறந்த அதே 1925இல் அமெரிக்காவின் அலபாமாவில் பிறந்த கறுப்பினத்தவர். பதினொரு வயதில் மூளைக்காய்ச்சலில் காது போயிற்று. காது கேளாதோருக்கான கேலடெட் கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர், 1954இல். மிஷனெரியாக ஆப்பிரிக்கா போக விரும்பினார். காது கேளாதவர்களுக்காகத் தானே ஒரு மிஷன் அமைப்பைத் தொடங்கி, 1957இல் கானாவின் அக்ரா நகரில் பள்ளி வைத்தார். கட்டடம் இல்லை. கேட்கிற பிள்ளைகள் பள்ளி முடிந்து போனபின் அதே வகுப்பறைகளை இரவல் வாங்கி நடத்தினார். 1987இல் ருவாண்டாவில் விமான விபத்தில் இறப்பதற்குள் ஆப்பிரிக்க நாடுகளில் 30க்கும் மேற்பட்ட பள்ளிகள். அந்தப் பிள்ளைகள் தங்களைப் போலவே காது கேளாத, படித்த, தலைமையாசிரியரான ஒரு மனிதரை முதன்முதலாகப் பார்த்தார்கள். பாளையங்கோட்டைப் பள்ளிகளை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த வகைப் பள்ளிகளின் தலைமை நாற்காலியில் அங்கேயே படித்த பிள்ளை உட்காரும் நாளில்தான் அவற்றின் பணி முழுமை பெறும் என்று ஃபாஸ்டரைப் படித்தபோது தோன்றியது.

இனிக் கசப்பான பகுதி. திருச்சபை இவர்களை எப்போதும் கைநீட்டி வரவேற்றதா? இல்லை. லேவியராகமத்தின் 21ஆம் அதிகாரம் குருடரும் முடவரும் பலிபீடத்தில் பணி செய்யக்கூடாது என்கிறது. பலிபீடத்து அப்பத்தை அவர்கள் உண்ணலாம் என்றும் அதே அதிகாரம் சொல்கிறது. சாப்பிடலாம், பரிமாறக்கூடாது! நான் தொடக்கத்தில் சொன்ன பயனாளிப் பட்டியல் அங்கேயே தொடங்கிவிட்டது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, பீடத்தில் பாதுகாப்பாகவோ தகுந்த முறையிலோ பணி செய்ய முடியாத அளவுக்கு உடற்குறை உள்ளவர்களைக் குருத்துவத்துக்குத் தடை செய்தது. 1983இல் வந்த புதிய தொகுப்பில் அந்தத் தடை இல்லை. சீர்திருத்தச் சபைகளில் சட்டமாக எழுதவில்லை என்றாலும், குருமட நேர்முகத்தில் என்ன நடந்தது என்பது நேர்முகத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும்.

மோசேக்குத் திக்குவாய், யாக்கோபு நொண்டினார், பவுலுக்கு மாம்சத்தில் முள். இவற்றை வைத்து எத்தனை பிரசங்கங்கள் கேட்டிருப்போம். பிரசங்கம் முடிந்ததும் வாசலில் ஊன்றுகோலோடு நிற்பவரிடம் போய், "உங்களுக்காக ஜெபிக்கிறோம்" என்போம். அவர் ஜெபம் கேட்டாரா? சுகமளிக்கும் கூட்டங்களுக்கு அவரை வற்புறுத்தி அழைத்துப் போய், மேடைக்குக் கீழே முதல் வரிசையில் உட்கார வைத்து, எழுந்து நடக்கவில்லை என்றால் விசுவாசம் போதவில்லை என்று சொல்லி அனுப்பும் கொடுமையும் நம் மாநிலத்தில் நடக்கிறது. பிறவிக் குருடனைக் காட்டி இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்றவர் இயேசு. அது யோவான் 9ஆம் அதிகாரம். அந்தக் கதையில் பார்வை பெற்றவன் அடுத்த நிமிடமே பரிசேயர்களோடு வாதாடுகிறான். அந்த அதிகாரத்தில் நன்றாகப் பேசுபவனே அவன்தான். அந்தப் பகுதியை வைத்துப் பிரசங்கம் கேட்பது அரிது.

வேற்று மதத்து நண்பர்களும் இந்த அவையில் இருக்கிறீர்கள். இது கிறிஸ்தவர்களின் வீட்டு விவகாரம் என்று ஒதுங்கிக்கொள்ள வேண்டாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுக் கட்டடம் எது என்று விளக்கும் இடத்தில் மதக் காரியங்களுக்கான இடங்களையும் சேர்த்திருக்கிறது. கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எதுவும் விலக்கில்லை. அரசு கட்டியதோ தனியார் கட்டியதோ, பொதுமக்கள் வந்துபோகும் இடம் என்றால் சக்கர நாற்காலியும் வந்துபோக வேண்டும்.

சாய்தளத்துக்குக் கணக்கு எளிது. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். அரை அடி உயரமுள்ள ஆறு படிகள் என்றால் மூன்று அடி உயரம், ஆக முப்பத்தாறு அடி. மலையில் அவ்வளவு இடம் ஏது என்பார்கள். தேயிலைத் தொழிற்சாலைக்கு லாரி போக வேண்டும் என்றால் மலையைக் குடைந்து வளைவு போடுகிறோம். முப்பத்தாறு அடியை இரண்டு மடிப்பாகப் போட்டால் போதும். நடைமுறையில் நாம் செய்வது என்ன? படிமேல் ஒரு பலகையைச் சாய்த்துவிட்டு, அல்லது மேஸ்திரி கையில் மிச்சமிருந்த சிமெண்டை வழித்துவிட்டு, சாய்தளம் போட்டாயிற்று என்கிறோம். அதில் நாற்காலியைத் தள்ளினால் பின்னால் கவிழும். இங்கே தேயிலை பறித்து முழங்கால் தேய்ந்த பெண்கள் இருக்கிறார்கள், காட்டெருமை முட்டி இடுப்பு ஒடிந்தவர்கள் இருக்கிறார்கள், முதியவர்கள் இருக்கிறார்கள். படி அவர்கள் எல்லாரையும்தான் தடுக்கிறது.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11 லட்சத்து 80 ஆயிரம் மாற்றுத்திறனாளிகள். இவர்களில் ஆசிரியர், எழுத்தர், கணினி வல்லுநர், செவிலியர், இசைக்கலைஞர், வழக்கறிஞர் எத்தனையோ பேர். நம் சபைக் கமிட்டிகளில், பள்ளி நிர்வாகக் குழுக்களில், மிஷன் சங்கங்களின் தேர்வுக் குழுக்களில் எத்தனை பேர்? உங்கள் சபையின் பெயர்ப் பட்டியலை இன்றிரவு எடுத்துப் பாருங்கள், விடை தெரியும். ஞாயிறு பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுக்கப் பார்வையற்ற பட்டதாரி ஒருவர் முன்வந்தால் அவரிடம் பிள்ளைகளை விடுவோமா? மருத்துவமனையில் ஆலோசகராகச் சக்கர நாற்காலிக்காரர் விண்ணப்பித்தால் அவருக்குக் கழிப்பறை எங்கே என்று யோசிப்போமா, விண்ணப்பத்தை மடித்து வைப்போமா? பணம் அதிகம் வேண்டிய காரியங்கள் அல்ல இவை. கதவை நாலு அங்குலம் அகலப்படுத்துவது, கூட்டத்தைக் கீழ்த்தளத்தில் வைப்பது, சைகை மொழி தெரிந்த ஒருவரை அழைப்பது, சம்பளத்தைக் கருணைத்தொகை என்று பெயர் மாற்றாமல் சம்பளமாகவே கொடுப்பது.

கடைசியாக, இந்த அறக்கட்டளைக் குழுவுக்கு என் விண்ணப்பம். அடுத்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு ஒரு மாற்றுத்திறனாளியை அழையுங்கள். மாற்றுத்திறனைப் பற்றிப் பேசச் சொல்லாதீர்கள். வரலாறோ வேளாண்மையோ இசையோ, அவர் கற்ற துறையைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். எனக்குக் கொடுத்த சன்மானத்தையே அவருக்கும் கொடுங்கள். இந்த மேடைக்கு நான்கு படிகள் இருக்கின்றன, ஏறும்போது எண்ணினேன். இரண்டு அடி உயரம், இருபத்துநான்கு அடி சாய்தளம். ஓர் ஆண்டு அவகாசம் இருக்கிறது, அதற்குள் கட்டிவிடுங்கள்.